சாமி ஓடக் கூடாது

எண்பதுகளின் நடுவில், மெட்ராஸில் இருந்த ஒரு பெரிய சினிமா ஸ்டூடியோவுக்கு நான் மூன்று கடிதங்கள் எழுதினேன். மூன்றிலும் ஒரே விஷயம்தான். டி.வி.யில் வாரம் ஒருமுறை காட்டுவதற்கு ஏற்ற ஒரு கார்ட்டூன் தொடர் என்னிடம் இருக்கிறது, கதாநாயகி ஆறு வயதுப் பெண் குழந்தை, அவள் காட்டிலும் மேட்டிலும் ஓடித் திரிவதுதான் கதை, படங்களை நானே வரைவேன், பார்ப்பதற்கு நேரம் ஒதுக்க வேண்டும். முதல் கடிதத்தில் ‘உயர்திரு’ போட்டேன். இரண்டாவதில் ‘மாண்புமிகு’ போட்டேன். மூன்றாவதில் ‘தயவுசெய்து’ என்று நான்கு இடத்தில் எழுதியிருந்தேன். ஒன்றுக்கும் பதில் வரவில்லை.

நான் அப்போது திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர். டிராயிங் டீச்சருக்குப் பள்ளிக்கூடத்தில் என்ன மரியாதை என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கணக்கு டீச்சர் லீவு போட்ட நாளில் வகுப்பு கத்தாமல் பார்த்துக்கொள்ளும் ஆள், அவ்வளவுதான். என் கணவர் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியில் டிரில்லர். எங்கள் ஊரில் பாதி ஆண்கள் அப்படித்தான், வண்டியோடு வடக்கே போனால் ஆறு மாதம் கழித்துத்தான் ஊர் திரும்புவார்கள். இப்படிப்பட்ட வீட்டிலிருந்து ஒருத்தி மெட்ராஸ் ஸ்டூடியோவுக்குக் கடிதம் எழுதினால் அதை முடவன் கொம்புத் தேனுக்கு ஆசைப்பட்ட கதை என்றுதான் சொல்வார்கள். சொன்னார்கள்.

அந்தக் கதாநாயகி என் மகள். எழுபதுகளின் கடைசியில், ஆறாவது வயதில், மூளைக்காய்ச்சல் வந்து மூன்றே நாளில் போய்விட்டாள். இதைக் கடிதங்களில் எழுதவில்லை. பரிதாபப்பட்டு யாரும் படம் எடுக்க மாட்டார்கள் என்கிற அளவுக்கு எனக்குப் புத்தி இருந்தது.

பள்ளிக்கூட ரிஜிஸ்தரில் அவளுக்கு ஒரு பெயர் இருந்தது. வீட்டில் அது புழங்கவே இல்லை. எங்கள் பக்கம் குழந்தையைச் ‘சாமி’ என்றுதான் கூப்பிடுவோம். சோறு உண்ணு சாமி, அழுவாத சாமி, கிட்ட வா சாமி. அவளும் யாராவது பெயர் கேட்டால் சாமி என்றே சொல்வாள். அதனால் தொடருக்கும் ‘சாமி’ என்றே பெயர் வைத்தேன். அந்தப் பெயரில் வில்லங்கம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அவளுடைய போட்டோ ஒன்றே ஒன்று இருந்தது. காது குத்தின அன்று எடுத்தது. மொட்டைத் தலையில் சந்தனமும் கண்ணில் மையுமாக, பயத்தில் உதட்டை இறுக்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். பார்க்கிறவர்கள் அழகு என்பார்கள். எனக்கு அதைப் பார்த்தாலே ஆத்திரமாக வரும். அவள் நாற்காலியில் உட்கார்கிற குழந்தையா? ஒரு வாய் சோறு ஊட்டுவதற்குள் நான் மூன்று சோளக்காடு தாண்டுவேன். அந்த ஓட்டத்தை எந்தப் போட்டோவில் தேடுவது? அதுவும் நான்கைந்து வருடம் போனதும், ஓடும்போது அவள் எந்தக் கையால் பாவாடையைத் தூக்கிப் பிடிப்பாள் என்று ஒருநாள் யோசித்தேன். நினைவுக்கு வரவில்லை. அன்று எனக்கு வந்த பயம் அவள் செத்த அன்றுகூட வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் எட்டாம் வகுப்பில் ஒரு பெண் நோட்டின் மூலையில் பக்கத்துக்குப் பக்கம் தவளை வரைந்து வைத்திருந்ததைப் பிடித்தேன். நன்றாகத் திட்டிவிட்டு நோட்டைப் பிடுங்கிக்கொண்டேன். ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து கட்டைவிரலால் பக்கங்களைச் சரசரவென்று விட்டுப் பார்த்தால், தவளை தாவியது. நான் மறுபடியும் விட்டேன். மறுபடியும் தாவியது. பக்கத்தில் இருந்த டீச்சர், என்ன மணியடித்தது காதில் விழவில்லையா என்று கேட்கிறவரைக்கும் தாவிக்கொண்டிருந்தது. அந்தப் பெண்ணுக்கு மறுநாள் நோட்டைத் திருப்பிக் கொடுத்தேன், ஒரு பென்சிலும் வாங்கிக் கொடுத்தேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

அதன் பிறகு என் காலைகள் எல்லாம் கிழக்கு ஜன்னலில் போயின. வரைந்த தாளை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி, அதன் மேல் அடுத்த தாளை வைத்து, வெயில் பின்னாலிருந்து அடிக்கும்போது கீழே இருக்கும் கோடு தெரியும். கொஞ்சம் நகர்த்தி அடுத்த படம் வரைய வேண்டும். இரண்டு எட்டு எடுத்து வைப்பதற்கு எட்டுப் படம். முதலில் வந்ததெல்லாம் நொண்டியது. பிறகு வாத்து மாதிரி நடந்தது. தெருவில் போகிற குழந்தைகளை எல்லாம் பின்னாலிருந்து பார்த்துப் பார்த்து, அவர்களுடைய அம்மாக்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கும் நிலைக்கு வந்துவிட்டேன். ஒரு வருடம் கழித்து ஒருநாள் காலை ஏழரை மணிக்கு, பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டே, தாள்களை நோட்டாகத் தைத்து வைத்திருந்ததை விட்டுப் பார்த்தேன், அவள் ஓடினாள். இடது கையால் பாவாடையைத் தூக்கிப் பிடித்திருந்தாள். என் மூளை மறந்ததைக் கை நினைவில் வைத்திருந்தது. அன்று நான் பள்ளிக்கூடம் போகவில்லை.

இதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்த முடியாமல் போனது என் கணவரின் அண்ணனால். அவர் மகளுக்கு வந்த வரன் எல்லாம் தட்டிப்போயின. குறி கேட்கப் போனார்கள். வீட்டில் ஒரு கன்னி இருக்கிறது, அதைக் கும்பிடாமல் விட்டதால்தான் தடங்கல் என்று சொல்லிவிட்டார்கள். கல்யாணமாகாமல் செத்த பெண்ணுக்குக் கல் நட்டு, சேலை சாத்தி, பொங்கல் வைத்து வீட்டுத் தெய்வமாகக் கும்பிடுவது எங்களில் வழக்கம். மாசி மாதம் நாள் குறித்துவிட்டார்கள்.

“சாமியாக் கும்புட்டா நமக்கும் நல்லது, அதுக்கும் நல்லதுங்க,” என்றார் பெரியவர், என் கணவரின் அண்ணன். நல்ல மனிதர். எனக்குக் கெடுதல் நினைத்தவர் இல்லை.

“எம்மவளுக்கு நல்லது கெட்டது எல்லாம் முடிஞ்சு போச்சுங்க,” என்றேன்.

அதற்கு மேல் என்னால் எடுத்துச் சொல்ல முடியவில்லை. கும்பிட ஆரம்பித்தால் அப்புறம் யாரும் அவளைப் பற்றிப் பேச மாட்டார்கள். புளியமரத்தில் ஏறி இறங்க மாட்டேன் என்று அழிச்சாட்டியம் செய்ததையோ, வாத்தியார் செருப்பைக் கிணற்றில் போட்டதையோ சொல்லிச் சிரிக்க மாட்டார்கள். தெய்வக் குற்றம் என்பார்கள். டி.வி.யில் ஒரே ஒரு தடவை அவள் ஓடிவிட்டால் போதும், ஊரே பார்த்துவிட்டால் போதும், அப்புறம் யாராலும் அவளைக் கல்லாக்க முடியாது என்று நினைத்தேன். பைத்தியக்கார நினைப்புத்தான். ஆனால் மாசிக்கு முன்னால் எனக்கு இருந்தது அது ஒன்றுதான். அந்த மூன்று கடிதங்களும் அப்போது எழுதியவைதான்.

எங்கள் பள்ளிக்கூடத்து விளையாட்டு டீச்சரின் கணவர் சேலத்தில் ஒரு பட விநியோகக் கம்பெனியில் மேனேஜர். அந்த டீச்சரிடம் நான் கெஞ்சிய கெஞ்சலை இப்போது நினைத்தாலும் கூசுகிறது. தை மாதம் சொல்லி அனுப்பினார்கள். ஸ்டூடியோவின் கதை இலாகாவைப் பார்க்கிறவர் குடும்பத்தோடு ஏற்காடு போகிறார், வழியில் கம்பெனிக்கு வருவார், பத்து நிமிஷம் கிடைக்கும்.

செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மிளகாய் மண்டிக்கு மேல் மாடியில் இருந்தது அந்தக் கம்பெனி. பத்து மணிக்குப் போனவள் இரண்டரை மணி வரை படப் பெட்டிகளுக்கு நடுவில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். மிளகாய் நெடியில் தும்மித் தும்மி மூக்கு சிவந்துவிட்டது. அழுதிருக்கிறேன் என்று நினைத்துவிடுவாரோ என்று முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். அவர் சாப்பிட்டுவிட்டு வந்தார். ஐம்பது வயது இருக்கும். கண் பாதி சொக்கியிருந்தது.

“சொல்லுங்கம்மா. என்ன கதை?”

வீட்டில் எழுதி மனப்பாடம் செய்தது அத்தனையும் மறந்துவிட்டது. “சாமி கதைங்க,” என்றேன்.

அவர் கண் முழுதாகத் திறந்தது. “சாமி படமா?”

“ஆமாங்க. எல்லாமே சாமிதானுங்க.”

“கார்ட்டூன்ல சாமி படம்! இது எப்படி யாருக்கும் தோணாமப் போச்சு?” என்று மேனேஜரைப் பார்த்தார். மேனேஜரும் அதுதானே என்பது போலத் தலையாட்டினார். “என்ன சாமிம்மா?”

“பொண்ணுங்க. ஆறு வயசுங்க.”

“பால அம்பிகை. பேஷ். மேல சொல்லுங்க.”

அவர் சொன்னது சரியாகக் காதில் விழவில்லை. விழுந்தது அவருடைய சந்தோஷம் மட்டும்தான். அதில் எனக்கு நாக்கு அவிழ்ந்துவிட்டது. “அதும்பாட்டுக்கு ஓடுங்க. ஆட்டுக்குட்டி பின்னாலயே போகுமுங்க. அம்மாக்காரி சோத்தை வெச்சுக்கிட்டுப் பின்னாலயே போவா, புடிக்கவே முடியாதுங்க. அப்பறம் புளியமரத்துல ஏறி உக்காந்துக்கும். யாரு கூப்புட்டாலும் எறங்காதுங்க.”

“லீலை!” என்றார். “மரத்துல குடியிருக்கிற அம்மன். பிரமாதம். இது எந்த ஊர்க் கோயில்மா?”

கோயில் என்ற சொல் விழுந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அவர் அதற்குள் பேனாவைத் திறந்து டைரியில் எழுதிக்கொண்டிருந்தார். பதிமூன்று வாரம், ஊதுபத்திக் கம்பெனிக்காரர் ஒருவர் தயாராக இருக்கிறார், அவரிடம் இன்றைக்கே பேசிவிடலாம் என்று சொல்லிக்கொண்டே எழுதினார். நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அந்தப் பக்கம் முழுவதும் எழுதியிருப்பார். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கானது என்பார்கள். எனக்குக் குரங்கு பிடிக்கப் போய்ப் பிள்ளையாராகிவிட்டது.

“ஐயா, இது கோயில் சாமி இல்லீங்க,” என்றேன். “கொழந்தைங்க. எங்க பக்கம் கொழந்தையச் சாமின்னுதானுங்க கூப்புடுவோம்.”

பேனா நின்றது. “அப்ப சாமி இல்லையா?”

“இல்லீங்க.”

அவர் பேனாவை மூடினார். ஆனாலும் எழுந்து போகவில்லை, அதைச் சொல்ல வேண்டும். நான் கொண்டுபோயிருந்த நோட்டை வாங்கிக் கட்டைவிரலால் விட்டுப் பார்த்தார். இரண்டு தடவை விட்டார்.

“நல்ல கைம்மா உங்களுக்கு. கால் என்ன அழகா வருது! சரி, கதையில இந்தக் குழந்தைக்கு என்ன ஆகுது?”

“ஒண்ணும் ஆகறதில்லீங்க.”

“ஒண்ணும் ஆகலைன்னா பதிமூணு வாரம் எப்படிம்மா பாப்பாங்க?”

அவளுக்கு ஒன்றும் ஆகாமல் இருக்க வேண்டும் என்பதற்காகத்தானே வரைந்தேன். அவர் கொஞ்சம் யோசித்தார்.

“ஒண்ணு பண்ணுங்க. குழந்தையே சாமின்னு வச்சுக்குவோம். ஒரு கிரீடம், கையில ஒரு சூலம். அஞ்சு படம் மாதிரிக்கு வரைஞ்சு பதினஞ்சு நாளுக்குள்ள அனுப்புங்க, நான் முதலாளிகிட்டப் பேசறேன். ஆனா சாமி ஓடக் கூடாது. நிக்கணும். கை மட்டும் ஆசீர்வாதம் பண்ணட்டும், பின்னால ஒளிவட்டம் சுத்தட்டும். படமும் கம்மியா ஆகும், பாக்கறவங்களுக்கும் கும்பிடத் தோணும்.”

“சரிங்க,” என்றேன்.

ஆமாம், சரிங்க என்றுதான் சொன்னேன். பெரியவரிடம் அத்தனை வீறாப்புப் பேசியவள், முன்பின் தெரியாத ஒருவரிடம் ஒரே வார்த்தையில் மகளைக் கொடுத்துவிட்டு வந்தேன். திருச்செங்கோடு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, மல்லசமுத்திரம் வருகிறவரைக்கும் என்னையே திட்டிக்கொண்டு வந்தேன். அதன் பிறகு திட்டவில்லை. கிரீடத்துக்கு என்ன மஞ்சள் போடுவது என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். ஆசை வெட்கமறியாது.

ஒன்பது நாள் வரைந்தேன். அவளை நிற்க வைப்பது, ஓட வைத்ததைவிடக் கஷ்டமாக இருந்தது. இரண்டு காலையும் சேர்த்து வைத்து அவள் நின்று நான் பார்த்ததே இல்லை. கிரீடம் வைத்ததும் நெற்றியில் சுருண்டு விழும் முடி போயிற்று. பட்டுப் பாவாடை கட்டியதும் முழங்காலில் இருந்த தழும்பு போயிற்று. சூலத்தைப் பிடித்த கையைப் பார்த்தால் சூலத்தைத்தான் பார்க்கத் தோன்றியது. நான் எனக்குள்ளேயே ஒரு திட்டம் போட்டேன். முதல் இரண்டு வாரம் இப்படி நிற்கட்டும். மூன்றாவது வாரம் கிரீடம் கழன்று உருளட்டும், அதைப் பிடிக்க ஓடுவாள். நாலாவது வாரம் அது கிடைக்காமலே போகட்டும். யாருக்கும் தெரியாமல் ஒவ்வொன்றாகக் கழற்றிவிடலாம். திருடனிடம் சாவியைக் கொடுத்துவிட்டு ஜன்னல் வழியாகத் திருப்பித் திருடுகிற புத்திசாலித்தனம்தான், வேறென்ன.

ஐந்தாவது படம் முடிந்த அன்று, கல் நடுகிற நாளுக்காக என் கணவர் வடக்கிலிருந்து வந்து சேர்ந்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். குளித்துவிட்டுத் தோளில் துண்டோடு உள்ளே வந்தவர், மேசையில் காய வைத்திருந்த படங்களைப் பார்த்து நின்றார். தோளிலிருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். கை இரண்டையும் குவித்து, கண்ணை மூடிக் கும்பிட்டார்.

நான் அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

“நல்லா வந்திருக்குது புள்ள,” என்றார். “எந்தச் சாமி?”

“தெரீலீங்களா?”

குனிந்து பார்த்தார். “மாரியம்மனா? கன்னிமாரா? சின்னதா இருக்குதே.”

“நல்லாப் பாருங்க. மூஞ்சியப் பாருங்க,” என்று கத்தினேன். நான் கத்தியது தெருவுக்கே கேட்டிருக்கும். “உங்க மவதானுங்க அது! பெத்த புள்ளய அடையாளந் தெரீலீங்களா?”

அவர் நிமிர்ந்தார். மறுபடி குனிந்து பார்த்தார். இடுப்பில் கட்டிய துண்டின் முடிச்சைக் கை தேடியது. “மவளையா நான் கும்புட்டேன்?” என்று மெல்லக் கேட்டார். அவரிடம் கத்தியதற்கு எனக்கு உடனே வெட்கமாகிவிட்டது. தப்பு அவர் மேல் இல்லை. யாருக்கும் தெரியாதபடி வரைந்தது நான். ஐந்து படத்தையும் எடுத்து, ஈரத்தோடு ஒன்றன் மேல் ஒன்றாகப் போட்டுக் கசக்கினேன். மஞ்சள் என் கையெல்லாம் அப்பிக்கொண்டது.

பிறகு பழைய நோட்டை எடுத்துவந்து அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து விட்டுக் காட்டினேன். அதுவரைக்கும் அவருக்கு நான் அதைக் காட்டியதில்லை. அழுவாரோ என்று பயம். அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு, ஆட்டுக்குட்டி பின்னால் வர, பக்கத்தின் ஓரம்வரை ஓடி மறைந்தாள்.

“இப்புடித்தான் ஓடுமா?” என்றார்.

“ஆமாங்க.”

“நாம் பாத்ததே இல்லையே, புள்ள.”

உண்மைதான். அவர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கிரீஸ் வாடையும் தாடியுமாக வந்து இறங்கும்போதெல்லாம் அவள் நெல் மூட்டைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்வாள். யாரோ வந்திருக்கிறார்கள் என்று என் காதில் சொல்வாள். பழகி மடியில் ஏறுகிற நேரத்துக்கு அவருக்கு வண்டி கிளம்பிவிடும். ஆறு வருடத்தில் அவர் வீட்டில் இருந்த நாட்களைச் சேர்த்தால் ஒரு வருடம் தேறாது. அவளை மடக்கிப் பிடித்ததும் தூக்கி வைத்திருந்ததும்தான் அவருக்குத் தெரியும். நான் மறந்துவிடுவேனோ என்று இத்தனை நாளாகத் தவித்தேன். மறப்பதற்குக்கூட ஒன்றும் இல்லாத ஒரு மனிதர் என் வீட்டிலேயே இருந்தது எனக்குத் தெரியாமல் போயிற்று.

“இன்னொருக்கா உடு,” என்றார். விட்டேன். சாப்பிடக் கூப்பிட வந்த பெரியவரின் மனைவி எட்டிப் பார்த்துவிட்டுக் கூப்பிடாமலே போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை கல் நட்டார்கள். அதைத் தடுக்க எனக்கும் தெம்பில்லை, அவருக்கும் அண்ணனை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை. எல்லோரும் விழுந்து கும்பிட்டார்கள். நாங்கள் இரண்டு பேரும் நின்றுகொண்டிருந்தோம். ஸ்டூடியோவுக்குப் படங்கள் அனுப்பவில்லை. மேனேஜர் மூலமாக ஒருமுறை கேட்டு அனுப்பினார்கள், வரையவில்லை என்று சொல்லிவிட்டேன். எங்கள் விளையாட்டு டீச்சர் என்னோடு ஒரு மாதம் பேசவில்லை.

என் கணவர் வடக்கே கிளம்புவதற்கு நாலு நாள் இருக்கும்போது தயங்கித் தயங்கிக் கேட்டார். “எம்பக்கமா ஓடியாற மாதிரி ஒண்ணு போட்டுக் குடு புள்ள. வண்டியில வெச்சுக்கறேன்.”

பார்த்ததைத்தான் அதுவரைக்கும் வரைந்திருக்கிறேன். அவள் அவரைப் பார்த்து ஒருநாளும் ஓடி வந்ததில்லை. நாலு நாள் காலையும் ஜன்னலில் நின்று, இல்லாததை வரைந்தேன். தூரத்தில் புள்ளியாகக் கிளம்பி, பெரிதாகிப் பெரிதாகி, பாவாடையை விட்டுவிட்டு இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு வந்தாள். கடைசித் தாளில் பக்கம் முழுவதும் அவள் முகம்தான்.

பையை எடுத்துக்கொண்டு கிளம்புகிறபோது வாசலில் நின்று விட்டுப் பார்த்தார். மறுபடியும் முதல் தாளிலிருந்து விட்டார்.

“எப்பவோ ஒருக்கா இப்புடி ஓடியாந்திருப்பா, இல்ல? நாந்தான் மறந்துட்டேன் போலிருக்குது,” என்றார்.

“ஆமாங்க,” என்றேன். “ஓடியாந்தா.”